சிபி/எம் இயங்குதளத்தின் வரலாறு

சிபி/எம் என்பது 1974 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் கேரி கில்டால் உருவாக்கிய தனியாள் கணினி இயங்குதளம் ஆகும். தொடக்கத்தில் இதன் பெயர் 'கண்ட்ரோல் புரோகிராம்/மானிட்டர்' என்பதன் சுருக்கமாக இருந்தது. பின்னர் 'கண்ட்ரோல் புரோகிராம் ஃபார் மைக்ரோகம்ப்யூட்டர்ஸ்' என விரித்துரைக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அலுவலகப் பணிக்குப் பயன்பட்ட 8-பிட்டு நுண்கணினிகளில் இதுவே பொது இயங்குதளமாக விளங்கியது. 1981 இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்த பிறகு அதன் இடத்தை மைக்ரோசாஃப்டின் டாஸ் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் சிபி/எம் சந்தையிலிருந்து மறைந்தது.

இந்த வீழ்ச்சியைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஐபிஎம் அதிகாரிகள் தேடி வந்த நாளில் கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் வாய்ப்பை இழந்தார் என்பதே அது. உண்மையில் உரிமம், விலை, காலத்தாழ்வு, அன்றைய காப்புரிமைச் சட்டம் ஆகிய பல காரணங்கள் சேர்ந்தே முடிவைத் தீர்மானித்தன.

பின்னணி

1971 நவம்பரில் இன்டெல் நிறுவனம் 4004 என்ற நுண்செயலியை அறிவித்தது. அதையடுத்து 1972 இல் 8008, 1974 இல் 8080 ஆகியவை வந்தன. இன்டெல் அப்போது இவற்றை முழுக் கணினிக்கான மூளையாகக் கருதவில்லை. போக்குவரத்து விளக்கு, எடைபார்க்கும் கருவி, தொழிற்சாலைக் கட்டுப்பாடு போன்றவற்றில் பொருத்தப்படும் உறுப்புகளாகவே பார்த்தது.

கில்டால் 1942 இல் சியாட்டில் நகரில் பிறந்தவர். வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972 இல் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்து வந்தார். இன்டெல்லின் நுண்செயலிகளில் ஆர்வம் கொண்ட அவர், கற்பித்தலுக்கு இடையே அந்நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் பணியாற்றினார். நுண்செயலிகளுக்கான முதல் உயர்நிலை நிரல்மொழிகளுள் ஒன்றான பிஎல்/எம் அவர் இன்டெல்லுக்காக உருவாக்கியதே ஆகும்.

அந்த மொழியில் எழுதிய நிரலை மொழிமாற்றும் மென்பொருள் ஒரு பெரிய கணினியில்தான் ஓடியது. நுண்செயலியிலேயே அது ஓட வேண்டுமானால் நிரல்களைச் சேமித்து வைக்கவும் விரைவாக எடுக்கவும் ஒரு சாதனம் தேவைப்பட்டது. அன்று மலிவாகக் கிடைத்த துளைநாடா மிக மெதுவானது. புதிதாக வந்திருந்த 8 அங்குல நெகிழ்வட்டு இதற்கு ஏற்றதாகத் தோன்றியது.

தோற்றம்

கில்டால் சூகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்திடமிருந்து சோதனைக்குப் பயன்பட்டுத் தேய்ந்த ஒரு நெகிழ்வட்டு இயக்கியைப் பெற்றார். ஆனால் அதைக் கணினியுடன் இணைக்கும் கட்டுப்பாட்டு மின்சுற்று அவரிடம் இல்லை. தாமே ஒன்றைச் செய்ய முயன்றார். அது சரியாக இயங்கவில்லை. பல்கலைக்கழக நண்பரான ஜான் டொரோட் அந்த மின்சுற்றை வடிவமைத்துக் கொடுத்தார். 1974 இல், மான்டரேக்கு அருகிலுள்ள பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில், சிபி/எம் முதன்முதலாக நெகிழ்வட்டிலிருந்து ஏற்றப்பட்டு இயங்கியது.

கில்டால் இதை இன்டெல்லுக்கு விற்க முன்வந்தார். இன்டெல் பிஎல்/எம் மொழியை வைத்துக்கொண்டது. சிபி/எம் வேண்டாம் என்றது. நுண்செயலி விற்கும் நிறுவனத்துக்கு இயங்குதளம் எதற்கு என்ற கேள்விக்கு அன்று தெளிவான விடை இருக்கவில்லை. எனவே கில்டாலும் அவர் மனைவி டாரத்தி மெக்ஈவனும் தாமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். 'இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச்' என்று வேடிக்கையாகத் தொடங்கிய அதன் பெயர் பின்னர் 'டிஜிட்டல் ரிசர்ச்' எனச் சுருங்கியது. நிரல் எழுதுவது கில்டாலின் வேலை. உரிம ஒப்பந்தங்களையும் வணிகத்தையும் டாரத்தி கவனித்தார்.

பயோஸ் என்னும் பிரிவினை

1975 இல் ஆல்டேர் 8800 என்ற கணினி வெளிவந்ததும் அமெரிக்காவில் பல சிறு நிறுவனங்கள் 8080 நுண்செயலியைக் கொண்டு கணினிகள் செய்யத் தொடங்கின. ஒவ்வொன்றின் வட்டுக் கட்டுப்பாட்டு மின்சுற்றும் திரையும் அச்சுப்பொறி இணைப்பும் வேறு வேறாக இருந்தன. ஒரு கணினிக்காக எழுதிய இயங்குதளம் இன்னொன்றில் ஓடவில்லை.

அவற்றுள் இம்சாய் என்ற நிறுவனம் தன் கணினிகளுக்குச் சிபி/எம் வேண்டுமெனக் கேட்டது. 1977 இல் 25,000 டாலருக்கு உரிமம் கைமாறியது. இம்சாய் தரப்பில் பேரம் பேசியவர் சீமோர் ரூபின்ஸ்டைன். பின்னாளில் வேர்ட்ஸ்டார் மென்பொருளை வெளியிட்ட மைக்ரோபுரோ நிறுவனத்தைத் தொடங்கியவர் இவரே.

ஒவ்வொரு வன்பொருளுக்கும் முழு இயங்குதளத்தையும் திருத்தி எழுதுவதில் சலிப்புற்ற கில்டால், வன்பொருளைத் தொடும் பகுதிகளை எல்லாம் ஒரே இடத்தில் தனியாகத் தொகுத்தார். அந்தச் சிறு பகுதிக்குப் 'பேசிக் இன்புட்/அவுட்புட் சிஸ்டம்', சுருக்கமாகப் 'பயோஸ்' என்று பெயரிட்டார். விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தைப் பெறுதல், திரைக்கு ஓர் எழுத்தை அனுப்புதல், வட்டின் ஒரு கூறைப் படித்தல், எழுதுதல் போன்ற ஏறத்தாழ இருபது சிறு செயல்கள் மட்டுமே அதில் இருந்தன. புதிய கணினி ஒன்றைச் செய்பவர் இந்தப் பகுதியை மட்டும் எழுதினால் போதும்; எஞ்சிய இயங்குதளம் மாறாமல் அப்படியே ஓடும். அதன்மேல் எழுதப்பட்ட பயன்பாட்டு மென்பொருளும் மாற்றமின்றி ஓடும்.

மென்பொருள் என்பது ஒரு குறிப்பிட்ட கணினியோடு பிணைந்த பொருள் என்ற நிலை இதனால் மாறியது. கணினியை ஒருவரிடமும் மென்பொருளை இன்னொருவரிடமும் வாங்கும் தனியாள் கணினிச் சந்தை உருவாக இந்தப் பிரிவினையே வழிவகுத்தது.

அமைப்பும் கட்டளைகளும்

சிபி/எம் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் கட்டளைச் செயலி. இரண்டாவது, கோப்புகளையும் வட்டையும் நிர்வகிக்கும் பகுதி. இது 'பிடாஸ்' எனப்பட்டது. மூன்றாவது, மேலே சொன்ன பயோஸ். 8080 நுண்செயலியால் அதிகபட்சம் 64 கிலோபைட்டு நினைவகத்தையே நேரடியாக அணுக முடியும். இம்மூன்று பகுதிகளும் அந்த நினைவகத்தின் மேல் முனையில் சில கிலோபைட்டுக்குள் அடங்கின. கீழ்ப்பகுதி பயன்பாட்டு நிரல்களுக்கு விடப்பட்டது.

வழக்கமான 8 அங்குல வட்டில் 77 தடங்கள், ஒரு தடத்துக்கு 26 கூறுகள், ஒரு கூறுக்கு 128 பைட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 2,56,256 பைட்டுகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் கூட அதில் அடங்காது.

வட்டு இயக்கிகள் 'ஏ:', 'பி:' என எழுத்துகளால் குறிக்கப்பட்டன. கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளுக்குள்ளும், புள்ளிக்குப் பின்வரும் வகைப்பெயர் மூன்று எழுத்துகளுக்குள்ளும் இருக்க வேண்டும். கோப்புகளைப் பட்டியலிட 'டிர்', பெயர் மாற்ற 'ரென்', உள்ளடக்கத்தைக் காட்ட 'டைப்', அழிக்க 'எரா' ஆகிய கட்டளைகள் இருந்தன. படியெடுக்க 'பிப்' என்ற தனி நிரல் பயன்பட்டது. டிஜிட்டல் ஈக்குவிப்மென்ட் நிறுவனக் கணினிகளில் இதே பெயரில் ஒரு நிரல் இருந்தது. வட்டுகளை எழுத்தால் குறிக்கும் வழக்கமோ ஐபிஎம்மின் பெருங்கணினி அமைப்பு ஒன்றில் முன்பே இருந்தது. பெரிய கணினிகளின் பழக்கங்களைச் சிறு கணினிக்கு ஏற்பக் குறுக்கித் தந்ததில்தான் கில்டாலின் திறமை வெளிப்பட்டது.

இதில் குறைகளும் இருந்தன. பரவலாகப் பயன்பட்ட 2.2 பதிப்பில் உள்ளடைவுகள் கிடையா. கோப்பு எப்போது எழுதப்பட்டது என்ற தேதிக் குறிப்பும் கிடையாது. வட்டை மாற்றியதும் கண்ட்ரோல்-சி விசைகளை அழுத்தித் தெரிவிக்காவிட்டால், புதிய வட்டில் எழுத இயங்குதளம் மறுத்துவிடும். 'பிப்' நிரலில் சேருமிடத்தை முதலிலும் மூலக்கோப்பைப் பின்னாலும் எழுத வேண்டியிருந்ததால் புதியவர்கள் அடிக்கடி தடுமாறினர். கோப்பின் அளவு 128 பைட்டுக் கூறுகளாகவே கணக்கிடப்பட்டதால், உரை எங்கே முடிகிறது என்பதைக் காட்ட கண்ட்ரோல்-இசட் என்ற குறியை இட வேண்டியிருந்தது.

பரவல்

1976 இல் சைலாக் நிறுவனம் இசட்80 நுண்செயலியை வெளியிட்டது. 8080க்காக எழுதிய நிரல்கள் அதிலும் ஓடின. எனவே சிபி/எம் கொண்ட கணினிகளின் எண்ணிக்கை விரைந்து பெருகியது. 1978 இல் வேர்ட்ஸ்டார் என்ற உரைச்செயலியும், பின்னர் டிபேஸ் 2 என்ற தரவுத்தள மென்பொருளும், சூப்பர்கால்க் என்ற விரிதாளும் சிபி/எம்முக்காக வந்தன. தட்டச்சு, கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் முடிந்ததால் சிறு வணிகர்களும் வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் கணினி வாங்கத் தொடங்கினர்.

1980 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்குள் செருகக்கூடிய 'சாஃப்ட்கார்டு' என்ற அட்டையை விற்றது. அதில் ஓர் இசட்80 நுண்செயலி இருந்தது. உடன் சிபி/எம்மும் தரப்பட்டது. அதாவது, பின்னாளில் சிபி/எம்மை வீழ்த்திய நிறுவனமே அப்போது அதை உரிமம் பெற்று விற்றுக்கொண்டிருந்தது. 1981 ஏப்ரலில் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கையில் தூக்கிச் செல்லும் கணினி 1,795 டாலருக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 11 கிலோ எடையும் 5 அங்குலத் திரையும் கொண்ட அதனுடன் சிபி/எம், வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் ஆகியவை சேர்த்தே வழங்கப்பட்டன.

பயனர் குழுக்கள் இலவச நிரல்களை வட்டுகளில் பகிர்ந்துகொண்டன. தொலைபேசி வழியே கோப்புகளைப் பிழையின்றி அனுப்ப உதவும் எக்ஸ்மோடம் நெறிமுறை, வார்ட் கிறிஸ்டென்சன் 1977 இல் சிபி/எம்முக்காக எழுதிய ஒரு நிரலிலிருந்து பிறந்ததே.

பரவலோடு ஒரு சிக்கலும் வளர்ந்தது. 8 அங்குல வட்டுக்கு ஒரே வடிவம் இருந்தது. ஆனால் சிறிய 5.25 அங்குல வட்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி வடிவத்தை வகுத்தது. ஒரு கணினியில் எழுதிய வட்டு இன்னொன்றில் படிக்கப்படவில்லை. திரையைக் கட்டுப்படுத்தும் குறிகளும் வேறுபட்டதால், மென்பொருளை நிறுவும்போதே எந்தத் திரை என்று தேர்வு செய்ய வேண்டியிருந்தது. பயோஸ் ஒன்றாக்கியதை வட்டு வடிவங்கள் மீண்டும் பிரித்தன.

ஐபிஎம் வருகை

1980 இல் ஐபிஎம் நிறுவனம் புளோரிடாவின் போக்கா ரேடன் நகரிலிருந்த ஒரு சிறு குழுவிடம் ஓராண்டுக்குள் தனியாள் கணினி ஒன்றை உருவாக்கும் பொறுப்பைத் தந்தது. காலம் குறைவாக இருந்ததால் உறுப்புகளையும் மென்பொருளையும் வெளியிலிருந்து வாங்குவது என்று அக்குழு முடிவு செய்தது. பேசிக் மொழிக்காக மைக்ரோசாஃப்டை அணுகியபோது, இயங்குதளத்துக்கு டிஜிட்டல் ரிசர்ச்சைப் பார்க்குமாறு பில் கேட்ஸ் வழிகாட்டினார்.

ஐபிஎம் குழு பசிபிக் குரோவ் வந்த காலையில் கில்டால், வணிக வேலையாகத் தம் விமானத்தில் வேறு ஊருக்குச் சென்றிருந்தார். உரிமப் பேச்சுகளை வழக்கமாக நடத்தும் டாரத்தியே அவர்களைச் சந்தித்தார். பேச்சைத் தொடங்கும் முன் ஓர் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமாறு ஐபிஎம் கேட்டது. அது ஒருதலைப்பட்சமாக இருந்ததால் வழக்கறிஞரின் ஆலோசனைப்படி அவர் தயங்கினார். அன்று பிற்பகலில் தாம் திரும்பி வந்து பேச்சில் கலந்துகொண்டதாகக் கில்டால் கூறியுள்ளார். ஐபிஎம் தரப்பில் வந்தவர்களுள் ஒருவரான ஜாக் சாம்ஸ் தாம் அவரைச் சந்திக்கவில்லை என்று கூறியுள்ளார். இந்த முரண்பாடு தீரவில்லை.

எனினும் பேச்சு முறிந்ததற்கு அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் காரணமன்று. டிஜிட்டல் ரிசர்ச் விற்கும் ஒவ்வொரு படிக்கும் உரிமத்தொகை பெற்று வந்தது; ஐபிஎம்மோ ஒரே முறை ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ள விரும்பியது. அதைவிட முக்கியமாக, புதிய கணினிக்குத் தேவைப்பட்டது 16-பிட்டு நுண்செயலிக்கான பதிப்பு. அந்தச் 'சிபி/எம்-86' அப்போது முடிவடைந்திருக்கவில்லை.

86-டாஸும் நகல் என்ற கேள்வியும்

சிபி/எம்-86 தாமதமானதால் பாதிக்கப்பட்ட நிறுவனங்களுள் ஒன்று சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ். 1979 இன் இறுதியிலேயே 8086 நுண்செயலி கொண்ட அட்டையை விற்கத் தொடங்கியிருந்த அந்நிறுவனத்திடம் அதற்கேற்ற இயங்குதளம் இல்லை. அதன் பொறியாளர் டிம் பேட்டர்சன் 1980 இல் தாமே ஒன்றை எழுதினார். முதலில் 'கியூடாஸ்' என்றும் பின்னர் '86-டாஸ்' என்றும் அது அழைக்கப்பட்டது.

சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றி ஓட்ட வேண்டும் என்பதற்காக, இயங்குதளத்தின் சேவைகளை நிரல்கள் அழைக்கும் முறையையும் அச்சேவைகளின் வரிசை எண்களையும் பேட்டர்சன் சிபி/எம்மை ஒட்டியே அமைத்தார். வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறையை மட்டும் மாற்றி, மைக்ரோசாஃப்ட் பேசிக்கில் முன்பே இருந்த 'ஃபேட்' அட்டவணை முறையைப் பின்பற்றினார். மைக்ரோசாஃப்ட் 1980 டிசம்பரில் 86-டாஸுக்கு உரிமம் பெற்று, 1981 சூலையில் 50,000 டாலருக்கு அதை முழுவதுமாக வாங்கிக்கொண்டது. ஐபிஎம்முக்கு அதை வழங்கிய ஒப்பந்தத்தில், பிற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இது திருட்டா என்ற கேள்வி நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. 2004 இல் வெளிவந்த ஹாரல்ட் எவன்ஸின் 'தே மேட் அமெரிக்கா' என்ற நூல் கில்டாலின் பக்கம் நின்று எழுதியது. அதை எதிர்த்துப் பேட்டர்சன் தொடர்ந்த வழக்கு 2007 இல் தள்ளுபடி செய்யப்பட்டது. பேட்டர்சன் தாம் சிபி/எம்மின் கையேட்டை மட்டுமே பார்த்ததாகவும் நிரல் வரிகளைப் பார்க்கவில்லை என்றும் கூறிவந்தார். அமெரிக்காவில் மென்பொருளுக்குக் காப்புரிமை உண்டு என்பதைத் தெளிவுபடுத்திய சட்டத்திருத்தமே 1980 இல்தான் வந்தது. நிரல் வரிகளைப் படியெடுக்காமல், வெளியே தெரியும் பயன்பாட்டு முறையை மட்டும் பின்பற்றுவது குற்றமா என்பதற்கு அன்று முன்னுதாரணம் இல்லை. கில்டால் வழக்குத் தொடராததற்கு இதுவும் ஒரு காரணம்.

40 டாலரும் 240 டாலரும்

கில்டால் எதிர்ப்புத் தெரிவித்தபோது ஐபிஎம் ஒரு சமரசத்துக்கு வந்தது. தன் கணினியுடன் சிபி/எம்-86 இயங்குதளத்தையும் விற்க ஒப்புக்கொண்டது. பதிலுக்கு டிஜிட்டல் ரிசர்ச் வழக்குத் தொடர்வதில்லை என ஏற்றது. மக்கள் இரண்டையும் ஒப்பிட்டுச் சிறந்ததைத் தேர்வார்கள் என்று கில்டால் நம்பினார்.

1981 ஆகத்து 12 அன்று ஐபிஎம் தனியாள் கணினி அறிவிக்கப்பட்டது. பிசி டாஸின் விலை 40 டாலர். சிபி/எம்-86 பல மாதங்கள் தாமதமாக 1982 இல் வந்தது. அதன் விலை 240 டாலர். இயங்குதளத்தை வாடிக்கையாளர் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய காலம் அது. ஆறு மடங்கு விலை கொடுக்க ஒருவருக்குத் தெளிவான காரணம் எதுவும் இருக்கவில்லை. மென்பொருள் எழுதுபவர்கள் அதிகம் விற்கும் டாஸுக்கே எழுதினார்கள். மென்பொருள் அதிகம் இருந்ததால் மேலும் பலர் டாஸையே வாங்கினார்கள். பின்னர் சிபி/எம்-86இன் விலை குறைக்கப்பட்டபோது இந்தச் சுழற்சியைத் திருப்ப முடியவில்லை.

பிற்காலம்

டிஜிட்டல் ரிசர்ச் உடனே முடங்கிவிடவில்லை. ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டக்கூடிய 'கன்கரண்ட் சிபி/எம்', 8-பிட்டுக் கணினிகளுக்கான 'சிபி/எம் பிளஸ்', சன்னல்களும் சுட்டியும் கொண்ட 'ஜெம்' இடைமுகம் ஆகியவற்றை வெளியிட்டது. ஜெம் 1985 இல் அட்டாரி எஸ்டி கணினியில் இடம்பெற்றது. ஐரோப்பாவில் ஆம்ஸ்டிராட் நிறுவனத்தின் மலிவான உரைச்செயலிக் கணினிகள் வழியாகச் சிபி/எம் 1980களின் பிற்பகுதி வரை பயன்பாட்டில் இருந்தது. 1985 இல் வந்த கமடோர் 128 கணினியிலும் சிபி/எம் ஓட்டுவதற்கென்றே ஓர் இசட்80 வைக்கப்பட்டிருந்தது.

1988 இல் டிஜிட்டல் ரிசர்ச் 'டிஆர் டாஸ்' என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. இது மைக்ரோசாஃப்ட் டாஸுடன் ஒத்தியங்கியது. சிபி/எம்மின் முறையைப் பின்பற்றி எழுந்த டாஸை, சிபி/எம் செய்த நிறுவனமே பின்பற்ற வேண்டியதாயிற்று. 1991 இல் நாவெல் நிறுவனம் டிஜிட்டல் ரிசர்ச்சை வாங்கியது.

கில்டால் பிற துறைகளிலும் முன்னோடியாக இருந்தார். அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் குரோலியர் கலைக்களஞ்சியத்தை 1985 இல் குறுந்தகட்டில் வெளியிட்டது. கணினியில் தேடிப் படிக்கும் கலைக்களஞ்சியங்களுக்கு அது ஒரு தொடக்கம். 'கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் இணைத் தொகுப்பாளராகவும் இருந்தார். 1994 சூலை 11 அன்று, 52 ஆம் வயதில், மான்டரேயில் காலமானார்.

எஞ்சியவை

சிபி/எம் இன்று விற்பனையில் இல்லை. அதன் தொடக்ககால மூலநிரல்களை 2014 இல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. அதே ஆண்டில் மின்பொறியியலாளர் அமைப்பான ஐஇஇஇ, பசிபிக் குரோவில் டிஜிட்டல் ரிசர்ச்சின் பழைய அலுவலகம் இருந்த இடத்தில் நினைவுப் பலகை பதித்தது. பழைய கணினி ஆர்வலர்கள் இன்றும் இசட்80 கணினிகளைக் கையால் செய்து அதில் சிபி/எம் ஓட்டுகின்றனர்.

அதன் பழக்கங்கள் டாஸ் வழியாக விண்டோசுக்கு வந்து சேர்ந்தன. விண்டோசில் வன்தட்டு 'சி:' எனத் தொடங்குவதற்குக் காரணம், 'ஏ:', 'பி:' இரண்டும் நெகிழ்வட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததே. கட்டளைச் சாளரத்தில் 'டிர்' என்று தட்டினால் கோப்புப் பட்டியல் வருவதும், கோப்புப் பெயரின் பின்னால் மூன்றெழுத்து வகைப்பெயர் நிற்பதும், ஒரு கோப்புக்குக் 'கான்' எனப் பெயரிட விண்டோசு மறுப்பதும் அந்த வழி வந்தவை. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே கில்டால் வைத்த எல்லைக்கோடு. 'பயோஸ்' என்ற அவருடைய சொல், அவரை வென்ற கணினிகளின் தாய்ப்பலகைகளிலேயே பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது.